ஷிஃப்ட்+3 இரண்டு முறை: நான்காம் பாகத்தில் காணாமல் போன பன்னிரண்டு நொடி

கடற்கரை ஊர்களைப் பற்றிய ஆறு பாகத் தொடர் ஒன்று எங்கள் எடிட் ரூமில் ஓடிக்கொண்டிருந்தது. பிரீமியர் ப்ரோ என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் பாகத்துக்கு ஒரு ப்ராஜெக்ட். இசை, லோகோ, வரைபட அனிமேஷன் எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்னொரு ப்ராஜெக்ட். ஒவ்வொரு பாகமும் 24 நிமிடம், ஒரு ஃபிரேம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நான்காம் பாகம் பிக்சர் லாக் ஆகி, அதாவது படத்தில் இனி வெட்டு ஒட்டு இல்லை என்று முடிவாகி, கலரும் ஒலியும் மட்டும் பாக்கி. மூன்றாம் பாகத்துக்கு வாடிக்கையாளர் கரெக்‌ஷன் பட்டியல் அனுப்பியிருந்தார். என் உதவியாளர் தம்பி அதை ஒரு காலையில் முடித்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து இரண்டு விஷயங்கள் ஒரே மதியத்தில் வந்தன. முதலில் வாடிக்கையாளரின் போன்: மூன்றாம் பாகத்தில் ஐந்தாவது கரெக்‌ஷன் அப்படியே இருக்கிறது, அந்தப் பெரியவர் தடுமாறிப் பேசும் இடத்தை எடுக்கவே இல்லை. அடுத்தது நானே பார்த்தது. நான்காம் பாகத்தை எக்ஸ்போர்ட் செய்தால் 24:00:00 (நிமிடம்:நொடி:ஃபிரேம்) வர வேண்டிய இடத்தில் 23:47:12 வந்து நிற்கிறது.

"நாலாவது பாகத்தை யாருமே தொடலையே அண்ணே" என்றார் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. தொட்டதே அவருக்குத் தெரியாது.

தேடிப் பார்த்தது

இந்த மாதிரி நேரத்தில், செய்த வேலைகளை வரிசையாகக் காட்டும் ஹிஸ்டரி பேனல் உதவாது. ப்ராஜெக்டை மூடித் திறந்தால் அது காலியாகிவிடும். உதவியது இரண்டு இடங்கள். ஒன்று, ப்ராஜெக்ட் ஃபைல் கடைசியாக மாறிய நேரம். கரெக்‌ஷன் நடந்த அந்தக் காலையில் 11:38-க்கு நான்காம் பாகத்தின் ஃபைல் சேமிக்கப்பட்டிருந்தது, சர்வரின் பழைய பேக்கப்பில் அது தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது, ஆட்டோ சேவ் ஃபோல்டர். அன்று காலை வரையிலான பிரதியில் சீக்வென்ஸ், அதாவது வெட்டிக் கோர்த்த படம், முழு நீளம். அடுத்த பிரதியில் குறைந்த நீளம். அப்போதே பாதி புரிந்துவிட்டது.

மீதிப் பாதி கணக்கில் இருந்தது. 24:00:00-இல் இருந்து 23:47:12-ஐக் கழித்தால், நொடிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கில், 12 நொடி 13 ஃபிரேம். வாடிக்கையாளரின் ஐந்தாவது கரெக்‌ஷன் என்ன? "11:42:08 முதல் 11:54:20 வரை எடுக்கவும்." கழித்தால் 12 நொடி 12 ஃபிரேம்தான் வருகிறது என்று ஒரு கணம் குழம்பினேன். ஆனால் பிரீமியரில் வெட்டின் முடிவைக் குறிக்க ஓ கீயைத் தட்டினால், ப்ளேஹெட் (படத்தில் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டும் கோடு) நிற்கும் ஃபிரேமும் அவுட் பாயின்ட்டுக்குள் சேரும். அந்த ஒரு ஃபிரேமைக் கூட்டினால் 12:13. நான்காம் பாகத்தின் பழைய பிரதியையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெட்டு விழுந்த இடம் மிகச் சரியாக 11:42:08.

அதாவது மூன்றாம் பாகத்துக்கான கரெக்‌ஷன், அதே டைம்கோடில் (படத்தின் நேர எண்ணில்), நான்காம் பாகத்தில் நடந்திருக்கிறது. வெட்டிய கை சரியாகத்தான் வெட்டியது, சீக்வென்ஸ் விரிந்து கிடக்கும் டைம்லைன்தான் வேறு.

நான்காம் பாகம் அன்று ஏன் திறந்திருந்தது? மூன்றாம் பாகத்தின் ப்ராஜெக்ட் பேனலில் அதற்கான தடயம் கிடந்தது: ஒரு வரைபட அனிமேஷன் கிளிப், இரண்டாவது பிரதியாக. ஒரு ப்ராஜெக்டின் டைம்லைனில் காப்பி எடுத்து இன்னொரு ப்ராஜெக்டின் டைம்லைனில் பேஸ்ட் செய்தால், அந்த கிளிப்பின் மூலமும் சேர்ந்து இரண்டாவது ப்ராஜெக்டுக்குள் வந்து உட்காரும். முதல் கரெக்‌ஷனே "நாலாம் பாகத்தில் இருக்கும் வரைபடத்தை இங்கும் போடவும்" என்பதுதான். அதற்காகத் திறந்தார், எடுத்தார், போட்டார், மூடவில்லை. சரி, யார்தான் மூடுகிறோம்.

விரலை மட்டும் பார்த்தால்

தம்பியை உட்கார வைத்து, அன்று செய்த மாதிரியே பத்து கரெக்‌ஷனை மறுபடி செய்யச் சொன்னேன். திரையைப் பார்க்கவில்லை, அவருடைய இடது கையை மட்டும் பார்த்தேன்.

ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஷிஃப்ட்+3. பிறகு டைம்கோடு எண்களைத் தட்டி என்டர், ஐ (இன், தொடக்கக் குறி), மறுபடி எண்கள், என்டர், ஓ (அவுட், முடிவுக் குறி), அப்புறம் அபாஸ்ட்ரஃபி. அபாஸ்ட்ரஃபி என்பது எக்ஸ்ட்ராக்ட், இன் அவுட்டுக்கு இடையில் உள்ளதை எடுத்து இடைவெளியையும் மூடிவிடும். கடைசியில் கன்ட்ரோல்+எஸ். மவுஸைத் தொடவே இல்லை. பார்க்க அழகாக இருந்தது. இந்த வரிசையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்பதுதான் சங்கடம்.

"எதுக்கு ஒவ்வொரு தடவையும் ஷிஃப்ட்+3?"

"நீங்கதானே அண்ணே சொன்னீங்க, ஃபோகஸ் எங்க இருக்குன்னு சந்தேகம் வந்தா அதை ஒரு தட்டு தட்டிக்கோன்னு."

சொன்னேன். அதற்குக் காரணமும் இருந்தது. பிரீமியரில் எந்த பேனலைச் சுற்றி நீலக் கோடு இருக்கிறதோ அதற்குத்தான் கீபோர்டு பேசும். சோர்ஸ் மானிட்டரில் ஃபோகஸ் இருந்தால் ஜே, கே, எல் மூலப் படத்தை ஓட்டும், டைம்லைனில் இருந்தால் சீக்வென்ஸை ஓட்டும். ஐ, ஓ தட்டினால் குறி விழுவதும் அப்படித்தான். டெலிட் இன்னும் மோசம், டைம்லைனில் ஒரு கிளிப்பை அழிக்க நினைத்துத் தட்டினால், ஃபோகஸ் ப்ராஜெக்ட் பேனலில் இருந்தால் அங்கே தேர்வாகியிருக்கும் மூல கிளிப்பே போகும். அது ஏதாவது சீக்வென்ஸில் பயன்பட்டிருந்தால் எச்சரிக்கைப் பெட்டி வரும், ஆனால் அவசரத்தில் என்டர் தட்டும் கையை எந்தப் பெட்டியும் நிறுத்தியதில்லை.

கீபோர்டில் இருப்பது நூறு சொச்சம் கீ, மென்பொருளில் இருப்பது பல நூறு கட்டளை. அதனால் ஒரே கீ இடத்துக்கு இடம் வேறு வேலை செய்வதைத் தவிர்க்க முடியாது. கன்ட்ரோல்+ஆல்ட்+கே தட்டினால் வரும் ஷார்ட்கட் பெட்டியில் இது நிறத்திலேயே தெரியும்: ஊதா என்றால் மென்பொருள் முழுவதற்கும், பச்சை என்றால் ஒரு பேனலுக்கு மட்டும். இரண்டு நிறமும் சேர்ந்த கீ, அந்தந்த பேனலில் ஃபோகஸ் இருக்கும்போது பச்சைக் கட்டளையைத்தான் கேட்கும். புதிதாக எடிட்டிங் கற்க வருகிறவர்களுக்கு நான் ஷார்ட்கட் பட்டியல் கொடுப்பதில்லை, இந்தப் பெட்டியைத் திறந்து வைத்து அரை மணி நேரம் உட்காரச் சொல்வேன்.

சரி, ஷிஃப்ட்+3-க்கு வருவோம். ஷிஃப்ட்+1 ப்ராஜெக்ட் பேனல், 2 சோர்ஸ் மானிட்டர், 3 டைம்லைன், 4 ப்ரோகிராம் மானிட்டர், 5 எஃபெக்ட் கன்ட்ரோல்ஸ், 7 எஃபெக்ட்ஸ். மவுஸால் டைம்லைனின் காலி இடத்தைச் சொடுக்கினால் தேர்வு கலைந்துவிடும், நேரக் கோட்டைச் சொடுக்கினால் ப்ளேஹெட் நகர்ந்துவிடும். ஷிஃப்ட்+3 எதையும் கலைக்காது. அதனால்தான் "சந்தேகம் வந்தால் ஒரு தட்டு" என்று பாடம் நடத்தினேன்.

அந்தப் பாடத்தில் நான் விட்ட பகுதி இதுதான். ஃபோகஸ் வேறு எங்காவது இருக்கும்போது ஷிஃப்ட்+3 உங்களை டைம்லைனுக்குக் கொண்டுபோகும். ஃபோகஸ் ஏற்கெனவே டைம்லைனில் இருக்கும்போது அதே கீ, திறந்திருக்கும் அடுத்த சீக்வென்ஸுக்குத் தாவும். ஒரே கீயில் இரண்டு வேலை. ஒரு சீக்வென்ஸ் மட்டும் திறந்திருந்தால் தாவ இடமில்லை, வித்தியாசமே தெரியாது. நான் கற்ற காலத்தில் பிரீமியரில் ஒரே ப்ராஜெக்டைத்தான் ஒரு நேரத்தில் திறக்க முடியும், அதிலும் எனக்கு ஒரு சீக்வென்ஸுக்கு மேல் திறந்து வைக்கும் பழக்கம் கிடையாது. பல ப்ராஜெக்டுகளை ஒன்றாகத் திறக்கும் வசதி 2017 அக்டோபரில் வந்த 2018 பதிப்பில்தான் வந்தது. அதற்குப் பிறகு வெவ்வேறு ப்ராஜெக்டுகளின் சீக்வென்ஸ்கள் ஒரே டைம்லைன் பேனலில் பக்கத்துப் பக்கத்து டேபாக உட்கார ஆரம்பித்தன. என் பழக்கம் மட்டும் பழைய வீட்டிலேயே குடியிருந்தது.

தம்பியின் காலை இப்படி நடந்திருக்கிறது. முதல் நான்கு கரெக்‌ஷனிலும் அவர் இடையில் ப்ராஜெக்ட் பேனலுக்கோ சோர்ஸ் மானிட்டருக்கோ போய் வந்தார், அதனால் ஷிஃப்ட்+3 சரியாக டைம்லைனுக்கே கொண்டுவந்தது. ஐந்தாவதற்கு முன் எங்கும் போகவில்லை. ஃபோகஸ் டைம்லைனிலேயே இருந்தது. தட்டினார், நான்காம் பாகத்துக்குத் தாவியது. வெட்டினார், சேமித்தார். ஆறாவதற்கு முன் மறுபடி தட்டினார். திறந்திருந்தது இரண்டே சீக்வென்ஸ் என்பதால் அது மூன்றாம் பாகத்துக்கே திரும்பியது. மூன்றாவதாக ஒன்று திறந்திருந்தால் அப்போதே முழித்திருப்பார். இரண்டு என்பதுதான் கெட்ட எண்.

படத்தைப் பார்த்தாலே தெரியாதா என்று கேட்கலாம். இரண்டு பாகத்திலும் பேசுவது அதே பெரியவர், அதே சட்டை, அதே படகு. பதினோராவது நிமிடத்தில் இரண்டு பாகத்திலும் வலை பின்னும் காட்சி பேச்சுக்கு மேலே ஓடுகிறது. ஹெட்போனைப் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த நேரம் போன் வந்ததால் கழற்றி வைத்திருந்தார். சீக்வென்ஸ் பெயர்? மூன்றாவதன் பெயர் "மாஸ்டர் ஃபைனல்". நான்காவதன் பெயரும் "மாஸ்டர் ஃபைனல்". அது தம்பியின் தவறு அல்ல, பெயர் வைத்தவன் நான்.

கன்ட்ரோல்+எஸ் எந்த ப்ராஜெக்டை?

பல ப்ராஜெக்ட் திறந்திருக்கும்போது கன்ட்ரோல்+எஸ் சேமிப்பது, அந்த நேரத்தில் செயலில் இருக்கும் ஒன்றை மட்டும். டைம்லைனில் ஃபோகஸ் இருந்தால் அந்த சீக்வென்ஸ் எந்த ப்ராஜெக்டைச் சேர்ந்ததோ அது. இந்த வழக்கில் அதுவே வினையானது: தவறான வெட்டை மிக விசுவாசமாகத் தவறான ப்ராஜெக்டிலேயே சேமித்தது. மூன்றாம் பாகத்தில் அந்த வெட்டு நடக்கவே இல்லை, எனவே மூடும்போது "சேமிக்கவா" என்ற கேள்வியும் எழ வாய்ப்பில்லை. எங்கும் ஒரு மணிகூட அடிக்கவில்லை.

இதே கீ எதிர்த் திசையிலும் கடித்திருக்கிறது. அதற்கு ஒரு மாதம் முன் பொது ப்ராஜெக்டில் இசையை மாற்றி அமைத்துவிட்டு, பாகத்தின் டைம்லைனுக்கு வந்து கன்ட்ரோல்+எஸ்ஸைப் பத்து தடவை தட்டியிருந்தேன். கரன்ட் போனது, யூபிஎஸ்ஸும் கைவிட்டது. பாகம் பத்திரம், பொது ப்ராஜெக்டின் இசை வேலை ஆட்டோ சேவ் கடைசியாக எடுத்த இடத்தோடு நின்றுவிட்டது. அப்போதே விழித்திருக்க வேண்டும். அதைக் கரன்ட் பிரச்சினை என்று எழுதி மூடிவிட்டேன்.

மீட்டது

மீட்பது சுலபமாகவே முடிந்தது. பழைய ஆட்டோ சேவ் பிரதியை வேறு பெயரில் சேமித்துத் திறந்து, அந்த 12:13-ஐ மட்டும் காப்பி எடுத்து, இப்போதைய நான்காம் பாகத்தில் 11:42:08-இல் ப்ளேஹெட்டை வைத்து கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி, அதாவது பேஸ்ட் இன்சர்ட். பின்னால் உள்ளதெல்லாம் தள்ளிப்போய் 24:00:00-இல் வந்து நின்றது. அந்தத் துண்டுக்குக் கலர் மட்டும் மறுபடி போட வேண்டியிருந்தது. சர்வர் இடம் அடைக்கிறது என்று ஆட்டோ சேவை நிறுத்தி வைக்கும் எடிட்டர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் சொல்ல என்னிடம் வேறு வார்த்தை இல்லை.

மாற்றியது

முதல் யோசனை எளிது: ஷிஃப்ட்+3-ஐத் தட்டும் முன் வேறொரு பேனலுக்குப் போய்விட்டு வருவது. ஷிஃப்ட்+7, உடனே ஷிஃப்ட்+3. எஃபெக்ட்ஸ் பேனலுக்குப் போய்த் திரும்புவதால், எங்கிருந்து கிளம்பினாலும் கடைசியாக இருந்த சீக்வென்ஸிலேயே வந்து இறங்கும், தாவாது. ஆட்டோஹாட்கி போன்ற, கீகளைத் தானாகத் தட்டும் மென்பொருள்களில் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கும் எடிட்டர்களிடம் இந்தத் தந்திரம் புதிதல்ல. நாங்களும் ஒரே கீயில் இரண்டையும் கட்டினோம், நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட வேண்டியிருந்தது, இல்லையென்றால் மெதுவான கணினியில் இரண்டாவது கட்டளை தொலைந்துவிடுகிறது. ஸ்கிரிப்ட் வேண்டாம் என்பவர்கள் கையாலேயே இரண்டையும் தட்டிப் பழகலாம். எனக்கு ஒரு வாரம் பிடித்தது, தம்பிக்கு இரண்டு நாள்.

கன்ட்ரோல்+எஸ்ஸை "சேவ் ஆல்" கட்டளைக்கு மாற்றினோம். பெரிய ப்ராஜெக்டுகள் நான்கைந்து திறந்திருந்தால் ஒவ்வொரு சேமிப்புக்கும் சற்று நேரம் பிடிக்கிறது, பொறுத்துக்கொள்கிறோம். மாற்றிய ஷார்ட்கட் தொகுப்பு டாக்குமென்ட்ஸுக்குள் அடோபி ஃபோல்டரில், பதிப்பு எண்ணுக்குக் கீழே, கே.ஒய்.எஸ் என்று முடியும் ஒரு ஃபைலாக இருக்கும். அதை இரண்டு கணினியிலும் போட்டுவிட்டோம். ஒரு கணினியில் ஒரு பழக்கம், இன்னொன்றில் வேறு பழக்கம் என்பது இந்த மாதிரிக் கோளாறுக்கு வாசல்.

டைம்லைன் ப்ரிஃபரன்ஸில், இன்சர்ட் அல்லது ஓவர்ரைட் (துண்டை இடையில் நுழைப்பது அல்லது இருப்பதன் மேல் போடுவது) செய்தவுடன் ஃபோகஸை டைம்லைனுக்கு மாற்றும் ஒரு டிக் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன், பிறகு எடுத்துவிட்டேன். மூலப் படத்திலிருந்து வரிசையாக ஐந்தாறு துண்டு எடுத்துப் போடும்போது ஒவ்வொரு முறையும் சோர்ஸுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. வெட்டு வேலை அதிகம் உள்ளவர்களுக்கு அது உதவும், துண்டு சேர்க்கிற வேலைக்குத் தொல்லை.

பூட்டுவதைச் சொல்ல வேண்டும். பிக்சர் லாக் என்று வாயால் சொன்னோம், ப்ராஜெக்டைப் பூட்டவில்லை. ப்ரிஃபரன்ஸில் கொலாபரேஷன் பகுதியில் ப்ராஜெக்ட் லாக்கிங்கை இயக்கினால், ஒரு ப்ராஜெக்டைப் படிக்க மட்டும் என்ற நிலையில் வைக்கலாம். சீக்வென்ஸைத் திறந்து பார்க்கலாம், காப்பி எடுக்கலாம், வெட்ட முடியாது. வரைபடம் எடுக்க நான்காம் பாகத்தை அப்படித் திறந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. பல ப்ராஜெக்டுகளை ஒன்றாக நிர்வகிக்க 2020-இல் வந்த ப்ரொடக்‌ஷன்ஸ் முறையிலும் இந்தப் பூட்டு உண்டு, அதில் ஒரு ப்ராஜெக்டிலிருந்து இன்னொன்றுக்கு எடுக்கும்போது மூல கிளிப் இரட்டிக்காமல் இணைப்பாகவே இருக்கும். அடுத்த தொடரை அதில்தான் தொடங்கப் போகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் தொடரை நடுவில் அதற்கு மாற்ற எனக்குத் தைரியம் இல்லை.

இடையில் இன்னொன்று தெரிந்தது. சப்டைட்டில் தமிழில் அடித்துவிட்டுத் தமிழ்99 விசைப்பலகையை மாற்றாமல் விட்டால், ஜே, கே, எல் எதுவுமே கேட்காது. அதையும் ஃபோகஸ் பிரச்சினை என்று நினைத்து ஷிஃப்ட்+3-ஐத் திரும்பத் திரும்பத் தட்டுவது தம்பியின் வழக்கமாக இருந்திருக்கிறது. தேவையில்லாத தட்டுகளில் பாதி இதனால் வந்தவை. விண்டோஸில் ஒவ்வொரு மென்பொருள் சாளரத்துக்கும் தனித்தனி உள்ளீட்டு முறை வைத்துக்கொள்ளும் அமைப்பு உண்டு. சப்டைட்டிலை வெளியே டெக்ஸ்ட் ஃபைலில் அடித்து உள்ளே ஒட்டினால் பிரீமியர் எப்போதும் ஆங்கிலத்திலேயே இருக்கும்.

கடைசியாகச் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது, அது ஷார்ட்கட்டே அல்ல. சினிமாவில் ரீல் எண்ணை டைம்கோடின் மணி இடத்தில் வைக்கும் பழக்கம் உண்டு. முதல் ரீல் 01:00:00:00-இல் தொடங்கும், இரண்டாவது 02-இல். அதைப் பாகங்களுக்குப் போட்டோம். டைம்லைன் பேனலின் மெனுவில் ஸ்டார்ட் டைம் என்று இருக்கிறது, அங்கே மூன்றாம் பாகத்துக்கு 03:00:00:00, நான்காம் பாகத்துக்கு 04:00:00:00. வாடிக்கையாளருக்கு அனுப்பும் பார்வைப் பிரதியிலும் அதே டைம்கோடு மூலையில் ஓடும், எனவே அவர் எழுதும் பட்டியலிலேயே பாக எண் வந்துவிடுகிறது. 03:11:42:08 என்ற நேரம் நான்காம் பாகத்தில் கிடையாது.

போன வாரம் தம்பி கேட்டார், "அண்ணே, எண்ணு தட்டுறேன், ப்ளேஹெட் ஆரம்பத்துலயே போய் நிக்குது, கீபோர்டு போச்சா?" எழுந்து போய்ப் பார்த்தேன். ஐந்தாம் பாகத்தில் உட்கார்ந்துகொண்டு மூன்றாம் பாகத்தின் நேரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். சீக்வென்ஸ் பெயரும் இப்போது "பா5" என்றுதான் தொடங்குகிறது, இருவரும் ஒன்றாக அதைப் படித்துவிட்டுச் சிரித்தோம். பொது ப்ராஜெக்டில் உள்ள சீக்வென்ஸ்கள் மட்டும் இன்னும் பூஜ்யத்தில்தான் தொடங்குகின்றன. அவற்றுக்கு 10 மணி கொடுக்கலாமா என்று பேச்சு நடக்கிறது.